ப்ரீகாஸ்ட் முதல் ரோபோ வரை: சிங்கப்பூர் சைட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுமானத் தளத்தில் ப்ரீகாஸ்ட் ஒருங்கிணைப்பு என் வேலை. தொழிற்சாலைக்கும் சைட்டுக்கும் நடுவில் நிற்கிறவன் என்பதால் எல்லாப் பக்கமிருந்தும் சந்தேகங்கள் வரும். தங்குவிடுதித் தம்பிகள் வேலையைப் பற்றிக் கேட்பார்கள். சப்கான் (துணை ஒப்பந்தம்) எடுக்கிறவர்கள் செலவைப் பற்றிக் கேட்பார்கள். முன்பதிவு செய்தவர்களுக்கு அரசு கட்டித் தரும் புது பிடிஓ வீட்டுக்குச் சாவி வாங்கிய சொந்தக்காரர்கள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஃபோன் செய்வார்கள். கேள்விகள் பெரும்பாலும் அவையேதான். அவரவர் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே வைக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும், அதனால் வரிசையாகப் படித்தால் நல்லது.

"ப்ரீகாஸ்ட், ப்ரீஃபேப் ரெண்டும் ஒண்ணா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

ப்ரீஃபேப் என்பது பொதுப் பெயர். கட்டடத்தின் ஒரு பகுதியை வேறோர் இடத்தில் செய்து, சைட்டுக்குக் கொண்டுவந்து பொருத்தினால் அதெல்லாம் ப்ரீஃபேப்தான். இரும்புச் சட்டமாக இருக்கலாம், மரப் பலகையாக இருக்கலாம், குழாய்களை மொத்தமாகச் சேர்த்துக் கட்டிய தொகுப்பாகவும் இருக்கலாம். அவற்றில் கான்கிரீட்டை அச்சில் ஊற்றி, இறுகிய பிறகு எடுத்து வருவது ப்ரீகாஸ்ட்.

"பிபிவிசி, பிபியு, டிஎஃப்எம்ஏ... மீட்டிங்ல இதைத்தான் பேசுறாங்க. எது எதுன்னு சொல்லுங்க."

டிஎஃப்எம்ஏ என்பது அணுகுமுறையின் பெயர். கட்டடத்தை வரையும்போதே எதைத் தொழிற்சாலையில் செய்வது, எப்படி லாரியில் ஏற்றுவது, எந்த வரிசையில் பொருத்துவது என்று சேர்த்தே யோசிப்பது. மற்றவையெல்லாம் அதற்குள் வரும் வகைகள்.

பிபியு என்றால் தொழிற்சாலையிலேயே முடித்த குளியலறை. தரை, டைல்ஸ், குழாய், நீர்க்காப்புப் பூச்சு எல்லாம் உள்ளே முடிந்திருக்கும். சைட்டில் அதை இறக்கி வைத்து, தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்சாரம் மூன்றையும் இணைத்தால் போதும். பிபிவிசி அதைவிடப் பெரியது. அறையையோ வீட்டின் ஒரு பாதியையோ முப்பரிமாணப் பெட்டியாகவே செய்வார்கள். ஜன்னல், தரை, அலமாரி, பெயிண்ட் என உள் வேலையில் பெரும்பங்கு முடிந்துதான் அது லாரி ஏறும். கான்கிரீட் பெட்டியென்றால் ஒன்றின் எடை 20 டன்னிலிருந்து 30 டன்னுக்கு மேலும் போகும். இரும்புப் பெட்டி கொஞ்சம் இலகுவாக இருக்கும்.

"இது என்ன புதுசா? வீவக எப்பவோ ஆரம்பிச்சிடுச்சே?"

உண்மைதான். வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், 1980களின் தொடக்கத்திலேயே ப்ரீகாஸ்ட்டுக்கு வந்துவிட்டது. முகப்புச் சுவர், படிக்கட்டு, குப்பைக் குழாய், அவசர காலத்துக்கான வீட்டுப் புகலறை என்று ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைக்குப் போனது. நீங்கள் இருக்கும் புளோக்கின் படிக்கட்டு அநேகமாக லாரியில் வந்ததாகத்தான் இருக்கும்.

புதிதாக வந்தது, தட்டையான சுவர்ப் பலகையிலிருந்து பெட்டிக்கு மாறியதுதான். 2014 நவம்பரிலிருந்து அரசு விற்கும் சில நிலங்களில் பிபிவிசி கட்டாயம் என்று நிபந்தனை போட்டார்கள். அப்புறம் வேகமாகப் பரவியது. சாங்கி விமான நிலையத்தில் உள்ள கிரவுன் பிளாசா ஹோட்டலின் 10 மாடி விரிவாக்கம் 2016இல் இரும்புப் பெட்டிகளால் எழுந்தது. கிளமெண்டி பக்கம் உள்ள கிளமெண்ட் கேனப்பி கொண்டோவில் 40 மாடிக் கோபுரங்கள் இரண்டு. 505 வீடுகளுக்கு 1,866 கான்கிரீட் பெட்டிகள். அதன் பிறகு வந்த அவென்யூ சவுத் ரெசிடன்ஸ் 56 மாடி, 192 மீட்டர் உயரம். இரும்புக்கும் கான்கிரீட்டுக்கும் பதிலாகக் கனமரத்தால், அதாவது அடுக்கடுக்காக ஒட்டிய மரத்தால், கட்டிய பெரிய கட்டடம் பார்க்க வேண்டுமென்றால் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் காயா கட்டடத்துக்குப் போய் வாருங்கள். 2023இல் திறந்தார்கள்.

"சிங்கப்பூர் ஏன் இதுல இவ்வளவு பிடிவாதமா இருக்கு? ஆள் கிடைக்கலையா?"

ஆள் கிடைக்கும், ஆளை மட்டும் நம்பிக் கட்டுவதைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அரசின் கணக்கு. அதை லெவியில், அதாவது வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் கட்டணத்தில், நேரடியாகப் பார்க்கலாம். 2024 ஜனவரி 1 முதல் அடிப்படைத் திறன் ஊழியர் ஒருவருக்கு முதலாளி மாதம் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) லெவி கட்டுகிறார். உயர்திறன் ஊழியருக்கு 500 வெள்ளி. அதே ஆள் அங்கீகரிக்கப்பட்ட தொழிற்சாலையில், அதாவது சைட்டுக்கு வெளியே வேலை செய்தால் 370 வெள்ளி, உயர்திறன் என்றால் 250. உள்ளூர் முழுநேர ஊழியர் ஒருவருக்கு ஏழு ஒர்க் பெர்மிட் ஊழியர் என்றிருந்த விகிதமும் அதே நாளில் ஐந்தாகக் குறைந்தது. வேலையைத் தொழிற்சாலைக்கு நகர்த்து, ஆளின் திறனைக் கூட்டு: இந்த நான்கு தொகைகளும் முதலாளிக்குச் சொல்வது இதைத்தான்.

இன்னொரு காரணத்தை 2020 காட்டியது. மார்ச் 18ஆம் தேதி மலேசியா நடமாட்டக் கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்தியது. அங்குள்ள ஜோகூரிலிருந்து வரும் ப்ரீகாஸ்ட் தடைப்பட்டது. ஏப்ரலில் சிங்கப்பூரும் முடக்கத்துக்குப் போய், தங்குவிடுதிகள் மூடப்பட்டு, சைட்டெல்லாம் நின்றன. பிடிஓ வீட்டுக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்தத் தாமதம் இன்னும் நினைவில் இருக்கும். ஆயிரம் பேர் ஒரே இடத்தில் தங்கி, ஒரே லாரியில் போய், ஒரே சைட்டில் நெருங்கி நின்றுதான் கட்டடம் எழும்பும் என்றால், ஒரு நோய் வந்தாலே நாடு கட்டுவதை நிறுத்த வேண்டியிருக்கிறது.

"உண்மையிலேயே எவ்வளவு மிச்சமாகுது? சும்மா பேச்சா?"

திட்டத்தின் சிக்கலைப் பொறுத்து, பிபிவிசியால் ஆள்பலத்திலும் நேரத்திலும் 40% வரை உற்பத்தித்திறன் கூடலாம் என்று கட்டட, கட்டுமான ஆணையம் சொல்கிறது. "வரை" என்பதைக் கவனியுங்கள். எல்லாம் சரியாக அமைந்தால் கிடைக்கும் உச்சம் அது.

நேரம் மிச்சமாவது எங்கே என்று புரிந்துகொண்டால் மீதியும் புரியும். வழக்கமான முறையில் அடித்தளம் முடிந்துதான் முதல் மாடி, அது இறுகித்தான் இரண்டாம் மாடி, எல்லாம் எழும்பித்தான் டைல்ஸ். பெட்டி முறையில் சைட்டில் அடித்தளத்துக்குப் பைலிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொழிற்சாலையில் பத்தாம் மாடியின் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மழை பெய்தாலும் அந்த வேலை நிற்காது. நவம்பர், டிசம்பரில் சைட்டில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

"எங்க சைட்ல ப்ரீகாஸ்ட்தான். ஆனாலும் லேட் ஆகுது. அப்ப என்ன பிரயோஜனம்?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்; என்னுடைய பெரிய ஆதங்கமும் இதுதான். பொருள் மாறியது, வேலையின் வரிசை மாறவில்லை. தாமதத்துக்குக் காரணம் அதுவே. ஊற்றிக் கட்டும் முறையில் வரைபடத்தில் ஒரு குழாயின் இடம் மாறினால் ஃபோர்மேன் வந்து பென்சிலில் குறித்துவிட்டுப் போவார், வேலை ஓடும். ப்ரீகாஸ்ட்டில் அந்தக் குழாய்க்கான ஓட்டை ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. முறுக்கு அச்சில் ஓர் ஓட்டை பிசகினால் பிழிகிற முறுக்கெல்லாம் அப்படியே வருகிற மாதிரி, ஒரு தவறான அச்சிலிருந்து நாற்பது மாடிக்கும் நாற்பது தவறான சுவர் வந்து நிற்கும். அதனால் வரைபடத்தை இனி தொடமாட்டோம் என்று எல்லோரும் கையெழுத்துப் போடும் நாள்தான் முக்கியம். அந்த நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிற திட்டத்தில் எத்தனை ப்ரீகாஸ்ட் இருந்தாலும் மிச்சம் ஒன்றும் இருக்காது.

இரண்டாவது காரணம் அளவுத் துல்லியம். ஒரு சுவரை இறக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். கீழ்த் தளத்திலிருந்து கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே கிரேனில் தொங்கும் சுவரின் அடியில் அவற்றுக்கான ஸ்லீவ் குழாய்கள் இருக்கும். கிரேனில் சுமையைக் கட்டிவிடும் ரிக்கர் குனிந்து பார்த்துக் கைகாட்ட, சிக்னல்மேன் வாக்கிடாக்கியில் "மெதுவா, மெதுவா" என்று சொல்ல, எல்லாக் கம்பியும் ஒரே நேரத்தில் ஓட்டைக்குள் போக வேண்டும். ஒரு கம்பி கொஞ்சம் வளைந்திருந்தாலும் சுவர் உட்காராது. கிரேன் சுவரைப் பிடித்தபடி காத்திருக்கும். அந்தக் கிரேனுக்காக நாலு குழு காத்திருக்கும். முந்தின நாள் கான்கிரீட் ஊற்றும்போது டெம்ப்ளேட் தகடு வைத்துக் கம்பியைப் பிடித்திருந்தால் இது நடக்காது. பத்து நிமிட வேலை அது.

சுவர் உட்கார்ந்த பிறகு ஸ்லீவின் கீழ் ஓட்டை வழியாகக் கிரவுட் எனும் சிமெண்ட் கலவையை ஏற்ற வேண்டும். மேல் ஓட்டையில் குமிழி இல்லாமல் ஒரே சீராக வழிந்தால்தான் உள்ளே நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். வழியும்போதே அடைப்பானைப் போட வேண்டும். முடிந்த பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. கட்டடத்தின் பலம் அந்த மூட்டில்தான் இருக்கிறது. அவசரப்படுத்தக் கூடாத வேலை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

"அண்ணே, எல்லாத்தையும் ஃபேக்டரியிலயே செஞ்சுட்டா எங்களுக்கு என்ன வேலை?"

இந்தக் கேள்வியைக் கேட்கிற தம்பி ஊரில் ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, கடன் வாங்கி வந்தவன். அவனுக்கு மழுப்பலாகப் பதில் சொல்லக் கூடாது. சில வேலைகள் குறையும். சாரம் கட்டுவது, பலகை அடிப்பது, சைட்டில் சுவர் பூசுவது ஆகியவற்றுக்கு முன்பு தேவைப்பட்ட அளவு ஆள் இனி தேவைப்படாது. அந்த வேலை மட்டும் தெரிந்தவருக்கு அழுத்தம் வரத்தான் செய்யும்.

கூடுகிற வேலைகளும் உண்டு. லிஃப்டிங் சூப்பர்வைசர், ரிக்கர், சிக்னல்மேன், கிரவுட் போடுகிறவர், மூட்டில் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலண்ட் அடிக்கிறவர், தொழிற்சாலையில் அச்சு அமைக்கிறவர், குழாய் மின்சாரம் இணைக்கிறவர், டேப்லெட்டில் வரைபடம் பார்த்துத் தவறு கண்டுபிடிக்கிறவர். நன்றாகக் கம்பி கட்டத் தெரிந்தவர் தொழிற்சாலையிலும் தேவைப்படுவார். டைல்ஸ் கைப்பக்குவம் பிபியு லைனில் இன்னும் தேவை.

என் யோசனை ஒன்றுதான்: அடிப்படைத் திறனான ஆர்2விலிருந்து உயர்திறனான ஆர்1க்குப் போங்கள். மேலே சொன்ன லெவியைப் பாருங்கள், நீங்கள் ஆர்1 ஆனால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். நிறுவனத்தின் ஒர்க் பெர்மிட் ஊழியர்களில் குறைந்தது 10% பேர் உயர்திறன் உடையவர்களாக இருந்தால்தான் புதிதாக அடிப்படைத் திறன் ஆட்களை எடுக்க முடியும் என்ற விதியும் இருக்கிறது. ஆக, அவருக்கும் உங்கள் ஆர்1 வேண்டும். கட்டுமானத் தொழில் திறனைச் சோதிக்கும் கோர்டிரேட் தேர்வு எழுதலாம், இரண்டாவது தொழிலில் தேறிப் பல்திறன் வழியில் போகலாம். சிங்கப்பூரில் 6 ஆண்டு அனுபவமும் 1,600 வெள்ளி நிலையான மாதச் சம்பளமும் இருந்தால் அந்த வழியிலும் கேட்கலாம். முன்பு அடிப்படைத் திறன் ஊழியர் இத்தனை ஆண்டுதான் இங்கே வேலை பார்க்கலாம் என்று ஓர் உச்சவரம்பு இருந்தது. 2025 ஜூலை முதல் அது எடுக்கப்பட்டு, வயது வரம்பும் 63 ஆகிவிட்டது. கற்றுக்கொண்டதைப் பயன்படுத்த இப்போது காலம் இருக்கிறது.

"ஃபேக்டரிக்கு மாத்துறோம்ங்கிறாங்க. சம்பளம் குறையுமா? ஓடி கிடைக்குமா?"

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தொழிற்சாலையில் ஷிப்ட் ஒழுங்காக இருக்கும், வெயில் மழை இல்லை, உயரத்தில் தொங்க வேண்டியதில்லை. ஆனால் சைட்டில் கான்கிரீட் ஊற்றும் இரவுகளில் கிடைக்கும் ஓடி, அதாவது கூடுதல் நேரச் சம்பளம், அங்கே குறையலாம். ஊருக்கு அனுப்பும் பணத்தில் பாதி ஓடியில்தான் வருகிறது என்றால் அதையும் கணக்குப் போட்டுத்தான் சம்மதிக்க வேண்டும்.

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை: உங்கள் ஐபிஏ கடிதத்தில் (ஒர்க் பெர்மிட்டுக்கு முன்கூட்டியே வரும் ஒப்புதல் கடிதம்) எழுதியிருக்கும் அடிப்படைச் சம்பளத்தை, நீங்கள் எழுத்தில் சம்மதிக்காமலும் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்காமலும் குறைக்க முடியாது. ஓடிக்கு அடிப்படை மணிச் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு தர வேண்டும். மாதத்துக்கு 72 மணி நேரம் ஓடியின் வரம்பு. இது சைட்டுக்கும் ஒன்றுதான், தொழிற்சாலைக்கும் ஒன்றுதான்.

"ரோபோ வந்து பெயிண்ட் அடிக்குதாமே?"

அடிக்கிறது. நன்யாங் பல்கலைக்கழகமும் அரசின் தொழிற்பேட்டை அமைப்பான ஜேடிசியும் உயரமான தொழிற்கூடச் சுவர்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்க பிக்டோபாட் என்ற ரோபோவை உருவாக்கின. கூரையில் ஓட்டை போடும் ரோபோக்களும் வந்துவிட்டன. நாள் முழுக்க அண்ணாந்து டிரில் பிடித்துத் தோள் போன ஆட்களை எனக்குத் தெரியும். அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டால் எனக்குச் சந்தோஷம்தான். வீவக கான்கிரீட் அச்சிடும் இயந்திரத்தையும் சோதித்துப் பார்த்தது. 3.6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.75 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையின் சுவர்களை 13 மணி நேரத்தில் அச்சிட்டார்கள்.

ஆனால் இயந்திரம் அதிகம் சாதித்திருப்பது சைட்டில் இல்லை, தொழிற்சாலைக்குள்தான். தானியங்கி ப்ரீகாஸ்ட் கூடத்தில் எஃகுத் தட்டுகள் தண்டவாளத்தில் நகர்ந்து வரும். அச்சின் ஓரத் தகடுகளை இயந்திரக் கை வரைபடத்தைப் படித்து வைக்கும். கம்பி வலையை இயந்திரம் வெட்டிப் பற்றவைக்கும். சைட்டில் தரை மேடுபள்ளமாக இருக்கும், ஒவ்வொரு நாளும் இடம் மாறும், ரோபோவை மாடிக்கு மாடி தூக்க வேண்டும். தொழிற்சாலையில் தரை சமம், வேலை இயந்திரத்தைத் தேடி வருகிறது. இயந்திரமயமாக்கம் வேண்டும் என்றால் முதலில் வேலையைக் கூரைக்குள் கொண்டுபோக வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

"உயரத்துல வேலை குறைஞ்சா விபத்தும் குறையும்தானே?"

விழுந்து சாகும் ஆபத்து குறையும், சாரத்தில் நிற்கும் நேரமே குறைவதால். ஆனால் இன்னொரு ஆபத்து வந்து சேரும்: தலைக்கு மேலே தொங்கும் 25 டன். கிரேன் கம்பி, கொக்கி, தூக்கும் வளையம், அடியில் ஆள் நிற்காமை இவற்றில் ஒன்று தவறினாலும் காயத்தோடு போகாது. தற்காலிக முட்டுக் கம்பிகளைக் கிரவுட் இறுகும் முன் கழற்றுவது இன்னொரு பெரிய தப்பு.

2022இல் சிங்கப்பூரில் வேலையிடத்தில் 46 பேர் இறந்தார்கள். அதன் பிறகு விதிகள் இறுகின. 2024 ஜூன் முதல் 50 லட்சம் வெள்ளியோ அதற்கு மேலோ ஒப்பந்தம் உள்ள சைட்டுகளில் வீடியோ கண்காணிப்பு கட்டாயம். கேமரா நல்லதுதான். ஆனாலும் லிஃப்டிங் நேரத்தில் "நிறுத்து" என்று சொல்ல எந்த ஊழியருக்கும் உரிமை இருக்க வேண்டும், சொன்னதற்காக யாரும் திட்டக் கூடாது. அந்தப் பழக்கம் இல்லாத சைட்டில் கேமரா நடந்ததைப் பதிவு செய்யும், தடுக்காது.

"புது வீட்டு பாத்ரூம் சுவரைத் தட்டினா டொக்கு டொக்குன்னு கேக்குது. ஏமாத்திட்டாங்களா?"

இல்லை. பல பிபியுக்களில் சுவர் இலகுவான பலகையால் ஆனது. தட்டினால் கான்கிரீட் மாதிரிக் கேட்காது. சத்தத்தை வைத்துத் தரத்தை முடிவு செய்ய வேண்டாம். தரையில் தண்ணீர் வடிகாலை நோக்கி ஓடுகிறதா, டைல்ஸ் ஓரம் சமமாக இருக்கிறதா, மேல்கூரையில் பராமரிப்புக்கான மூடி திறக்கிறதா, திறந்து பார்த்தால் குழாய் இணைப்பில் ஈரம் இருக்கிறதா: இவற்றைப் பாருங்கள். ஏதாவது இருந்தால் சாவி வாங்கியதிலிருந்து ஓராண்டு குறைதீர்ப்புக் காலத்துக்குள் எழுதிக் கொடுங்கள்.

கனமான அலமாரி மாட்டுவதற்கு முன் வீட்டோடு தந்த கையேட்டைப் பாருங்கள். எங்கே திருகாணி போடலாம் என்று இருக்கும். புது வீவக வீட்டில் குளியலறைத் தரை, சுவர் டைல்ஸை முதல் மூன்று ஆண்டுக்கு உடைக்கக் கூடாது. அடியில் உள்ள நீர்க்காப்புப் படலம் கிழிந்துவிடும் என்பதுதான் காரணம்.

"ஹாலையும் ரூமையும் சேர்த்துடலாம்னு பார்த்தேன். கான்ட்ராக்டர் முடியாதுங்கிறார்."

அவர் சரியாகத்தான் சொல்கிறார். கான்கிரீட் பெட்டி வீட்டில் பெட்டியின் சுவரே பாரம் தாங்குகிறது. இரண்டு பெட்டி சேரும் இடத்தில் சுவரும் இரட்டையாக வருவதால் தடிப்பாக இருக்கும். அதை இடித்தால் உங்கள் வீட்டோடு முடியாது, மேல் வீடு கீழ் வீடு எல்லாம் பாதிக்கும். வீடு வாங்கும் முன்பே வரைபடத்தில் எந்தச் சுவர் கட்டமைப்புச் சுவர் என்று கேட்டுவிடுங்கள். பெட்டி முறையில் உண்மையான குறை என்று நான் ஒப்புக்கொள்வது இதைத்தான்: பிற்காலத்தில் மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் குறைவு.

"பெட்டி பெட்டியா அடுக்கின வீட்டுல மழைத்தண்ணி இறங்காதா?"

மூட்டைச் சரியாகச் செய்தால் இறங்காது. வெளிமூட்டில் சீலண்ட், உள்ளே தண்ணீரைத் திருப்பிவிடும் படிக்கட்டு மாதிரியான மேடு, அதன் பிறகு கிரவுட் என்று பல அடுக்குத் தடுப்பு இருக்கும். பிபிவிசி முறைகள் முதலில் கட்டட, கட்டுமான ஆணையத்தின் கொள்கை அளவிலான ஏற்பைப் பெற வேண்டும், தயாரிக்கும் தொழிற்சாலைக்கும் அங்கீகாரம் வேண்டும். பலவீனமான இடம் கட்டும் காலம். மேல் பெட்டி வரும்வரை கீழ்ப் பெட்டி வானத்தைப் பார்த்துக் கிடக்கும். அப்போது மேலே போர்த்திய உறை கிழிந்து மழை உள்ளே போனால், அலமாரியும் மரத்தரையும் சாவி வாங்கும் முன்பே ஊறிவிடும். அதனால் உறை விஷயத்தில் நான் கறாராக இருப்பேன்.

"நான் சின்ன சப்கான். இருபது பேர் இருக்காங்க. இதெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம்தானே?"

பெட்டி செய்யும் தொழிற்சாலை உங்களுக்கு வேண்டாம். உங்களுக்கு வேண்டியது ஒரு சிறப்பு. கிரவுட், சீலண்ட், பிபியு இணைப்பு, ப்ரீகாஸ்ட் நிறுவல் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதில் பெயர் வாங்குங்கள். இருபது பேரில் ஐந்து பேர் எல்லா வேலையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர்களாக இருப்பதைவிட, ஒரு மூட்டைக் கசியாமல் முடிக்கத் தெரிந்த ஐந்து பேர் இன்றைக்கு அதிக மதிப்பு உள்ளவர்கள்.

தரைவீடு, பழைய கட்டட மாற்றம், கேலாங் சந்து மாதிரிக் குறுகிய வழி உள்ள இடங்களுக்குப் பெட்டி முறை பொருந்தாது. லாரியோடு சேர்த்து 4.5 மீட்டர் உயரத்தைத் தாண்டினாலே தனி அனுமதியும் வழிக்காவலும் வேண்டும். அங்கெல்லாம் முன்வெட்டி வளைத்த கம்பி, அலுமினிய ஃபார்ம்வொர்க், முன்கூட்டிச் சேர்த்த குழாய்த் தொகுப்பு இவையே போதுமான முன்னேற்றம்.

"செலவு கூடும்ங்கிறாங்களே, அதை யார் தாங்குறது?"

பெட்டி முறை தொடக்கத்தில் வழக்கமான முறையைவிடத் தெளிவாகவே விலை கூடுதல். திட்டங்கள் பெருகப் பெருக இடைவெளி குறைந்து வருகிறது, ஆனால் மறையவில்லை. பெரிய கிரேன், போக்குவரத்து, இரட்டைச் சுவருக்கான கூடுதல் கான்கிரீட், தொழிற்சாலைக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டிய பணம் எல்லாம் அதில் இருக்கிறது. அரசு 2010இல் 25 கோடி வெள்ளியோடு கட்டுமான உற்பத்தித்திறன் நிதியைத் தொடங்கியதும், 2015இல் இன்னும் 45 கோடி சேர்த்ததும் இந்தச் சுமையைப் பகிரத்தான்.

எனக்கு உறுத்துவது பணம் வரும் காலம். சைட்டில் வேலை முடிந்த அளவுக்குப் பணம் தருவது பழைய ஒப்பந்த வழக்கம். இங்கே தொழிற்சாலையில் முந்நூறு பெட்டி முடிந்து நிற்கும். சைட்டில் ஒன்றும் எழும்பியிருக்காது. அச்சுக்கும் கம்பிக்கும் காசு போட்டவர் அதுவரை எதை வைத்துச் சம்பளம் கொடுப்பார்? தொழிற்சாலையில் முடிந்த வேலைக்கும் கட்டணம் உண்டு என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதாதவரை சின்ன நிறுவனங்கள் இதற்குள் வரத் தயங்கத்தான் செய்யும்.

"ஜோகூர்ல செஞ்சு கொண்டுவந்துட்டு சிங்கப்பூர் உற்பத்தித்திறன் கூடிடுச்சுங்கிறது சரியா?"

நியாயமான கேள்வி. மேலே சொன்ன கிளமெண்ட் கேனப்பியின் பெட்டிகளே ஜோகூரின் செனாயில் வார்க்கப்பட்டு, சிங்கப்பூரின் துவாஸில் உள் வேலை முடிந்து, பிறகுதான் கிளமெண்டிக்கு வந்தன. சைட்டில் குறைந்த ஆட்களில் ஒரு பகுதி எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை செய்கிறார்கள். சைட் கணக்கை மட்டும் பார்த்தால் முன்னேற்றம் பெரிதாகத் தெரியும், தொழிற்சாலை ஆட்களையும் சேர்த்தால் கொஞ்சம் சுருங்கும்.

ஆனாலும் முன்னேற்றம் இல்லாமல் போகாது. ஒரே வேலையை ஒரே இடத்தில் திரும்பச் செய்யும் ஆள், மழைக்காகக் காத்திருக்காத ஆள், இடித்துத் திரும்பக் கட்டாத ஆள் எந்த நாட்டில் இருந்தாலும் அதிகம் முடிப்பார். உள்ளூரில் பல மாடித் தானியங்கி ப்ரீகாஸ்ட் கூடங்கள் எழுந்ததும், 2020இல் எல்லை மூடியபோது நடந்ததும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க வேண்டியவை. எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்கக் கூடாது.

"ஊருக்குத் திரும்பினா இந்த வேலை அங்க சோறு போடுமா?"

முன்பைவிட இப்போது வாய்ப்பு அதிகம். சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளை ப்ரீகாஸ்ட் முறையில் கட்டி 2022 மே மாதம் திறந்தார்கள். மெட்ரோ பாலங்களுக்குத் துண்டு துண்டாக வார்த்துத் தூக்கி வைப்பதும் இதே கைவேலைதான். கிராமத்தில் சொந்த வீடு கட்டுகிறவருக்கு இது உடனே பயன்படாது. அங்கே கொத்தனாரும் சென்ட்ரிங் ஆட்களும்தான் மலிவு, கிரேன் வருவதற்குப் பாதையும் இருக்காது. நகரத்துப் பெரிய திட்டங்களில் ரிக்கிங், கிரவுட், நிறுவல் மேற்பார்வை தெரிந்தவரைத் தேடுகிறார்கள்.

அதற்கு நீங்கள் சொல்வது மட்டும் போதாது, காகிதம் வேண்டும். ஆர்1 சான்று, கோர்ஸ் கார்டுகள், எந்தத் திட்டத்தில் என்ன வேலை செய்தீர்கள் என்று கம்பெனி எழுதித் தரும் அனுபவக் கடிதம் இவற்றைப் பெர்மிட் ரத்தாகும் முன் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். விமானம் ஏறிய பிறகு அலுவலகத்தில் யாரும் ஃபோன் எடுக்க மாட்டார்கள்.